பெரிய வீடு குரூப்: கோட்டையில ஒரு பளிங்குத் துரை

கார்த்தி: 📷 படம்
கார்த்தி: சென்னை ஜார்ஜ் கோட்டை மியூசியத்துல இருக்கேன். உள்ள நுழைஞ்சதும் இவ்ளோ பெரிய சிலை. யாரு பெரியப்பா இது?

பெரியப்பா: காரன்வாலிஸ் துரை, அப்போ வெள்ளைக்காரங்களோட கவர்னர் ஜெனரல். அந்தாளை விடு, கீழே பீடத்தைப் பார். செதுக்கல் தெரியுதா?

கார்த்தி: ஆமா, ரெண்டு சின்னப் பசங்க

பெரியப்பா: திப்புவோட பிள்ளைங்க. 1792-ல திப்பு போர்ல இவர்கிட்ட தோத்துப் போட்ட ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை. பாதி ராஜ்ஜியம் போச்சு, அதுக்கு மேல 3 கோடியே 30 லட்சம் ரூபா. பணம் வந்து சேர்ற வரைக்கும் பசங்க பிணை. மெட்ராஸ்லதான் வச்சிருந்தாங்க, 1794-லதான் திருப்பி அனுப்பினாங்க.

சித்தி: ஐயோ, எவ்ளோ வயசு இருக்கும்?

பெரியப்பா: பெரியவனுக்கே பத்து வயசு வாக்குல

திவ்யா: குழந்தைங்களைப் பிடிச்சு வச்சதுக்கு சிலையா 😡

பெரியப்பா: மெட்ராஸ் வெள்ளைக்காரங்க சந்தா போட்டு வச்சது. லண்டன்ல தாமஸ் பேங்க்ஸ்னு ஒரு சிற்பி செஞ்சு, கப்பல்ல வந்து 1800-ல கோட்டைக்குள்ள நிறுத்தினாங்க. திப்பு செத்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு அப்போ.

மாமா: அமெரிக்காவுல வாஷிங்டன்கிட்ட தோத்த ஆள்தானே?

பெரியப்பா: அவரேதான். 1781, யார்க்டவுன். சரணடையக்கூட நேர்ல போகலை, உடம்பு சரியில்லைன்னு வேற ஆளை அனுப்பிட்டார் 😄

சித்தி: 😂😂

திவ்யா: இதை இன்னும் எடுக்காம வச்சிருக்காங்களே

பெரியப்பா: எடுத்து எடுத்து வச்சாச்சும்மா. கோட்டையிலேர்ந்து கடற்கரைப் பக்கம் போச்சு. அங்க உப்புக் காத்துல பளிங்கு கெடுதுன்னு கன்னிமாரா நூலகத்துக்குத் தூக்கினாங்க. கடைசியில மறுபடி கோட்டை. தேனாம்பேட்டையில செனடாஃப் ரோடு இருக்கே, அந்தப் பேரும் இவருக்குக் கட்டின நினைவு மண்டபத்தால வந்ததுதான். செனடாஃப்னா உடம்பு இல்லாத நினைவு மண்டபம், ஆளைப் புதைச்சது உத்தரப்பிரதேசத்துல காஜிப்பூர்ல.

திவ்யா: அப்ப இருக்கட்டும். ஆனா அந்தப் பசங்க பேரையாவது பெருசா எழுதி வைக்கணும்

பெரியப்பா: அது நியாயம். அப்துல் காலிக், முயிசுத்தீன்.

கார்த்தி: பீடத்தைக் கிட்டக்க எடுத்து அனுப்பறேன், இருங்க
கார்த்தி: 📷 படம்

சித்தி: நாங்களும் வர்றோம்டா, இந்த வெள்ளிக்கிழமை போலாமா?

கார்த்தி: வெள்ளி லீவு சித்தி. சனிக்கிழமை வாங்க. அடையாள அட்டை எடுத்துக்கோங்க, வாசல்ல கேப்பாங்க