அயற்பார்வை: மங்கலான விண்பொருளைக் காணும் முறைக்கு ஒரு பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நேராக நோக்கினால் மறைந்துவிடும் மங்கலான விண்பொருளைச் சற்றுத் தள்ளி நோக்கிக் காணும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: தவிர்த்த பார்வை, புறப்பார்வை, சாய்பார்வை, கடைக்கண் பார்வை. நான் ஐந்தாவதாக அயற்பார்வை என்பதை முன்வைக்கிறேன். இந்தச் சொல்லின் தேவையை நான் உணர்ந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வைகாசி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், தரம் 10 பிள்ளைகள் சிலரை வேலணை சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றோம். எங்களிடம் இருந்தது 4 அங்குலத் தொலைகாட்டி ஒன்று. ஒன்பது மணியளவில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெற்கே உச்சத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவை வைத்தால் அந்த உயரம் வந்துவிடும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கொத்தைப் பார்ப்பதில் எவருக்கும் சிரமம் இருக்கவில்லை. பிறகு தொலைகாட்டியை அங்கிருந்து வடக்கே நாலரைப் பாகை நகர்த்தி, சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் பேரடையில் (galaxy) நிறுத்தினேன். அது 1 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது, மிகவும் மங்கலானது.

"சேர், பார்த்தால் மறைந்துவிடுகிறது. கண்ணை விலக்கினால் தெரிகிறது" என்றாள் ஒரு பிள்ளை.

அவள் சொன்னது முற்றிலும் சரி. எனக்கோ அதற்கு "அவெர்ட்டட் விஷன்" என்ற பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. கண்ணைத் திருப்பவேண்டும் என்று விளக்கியபோது, அவள் தொலைகாட்டியின் கண்வில்லையிலிருந்தே முகத்தை எடுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவ மிஷனரி சாமுவேல் கிறீன் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் கற்பித்த மண்ணில், ஒரு பிள்ளைக்கு அவளுடைய கண் செய்யும் வேலையைத் தமிழில் சொல்லத் தெரியாமல் நின்றது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நிகழ்வது இதுதான். விழித்திரையில் கூம்புகளும் கோல்களும் உள்ளன. நிறத்தையும் நுண்விவரத்தையும் காட்டும் கூம்புகள் விழித்திரையின் நடுக்குழியில் நெருங்கியிருக்கின்றன. நாம் ஒன்றை நேராக நோக்கும்போது அதன் விம்பம் அந்தக் குழியில்தான் விழுகிறது. மங்கிய ஒளியை உணரும் கோல்கள் அந்த நடுவில் இல்லவே இல்லை. நடுவிலிருந்து விலக விலக அவை பெருகி, 20 பாகைக்குச் சற்று உள்ளே மிகவும் செறிகின்றன. ஆகவே மங்கலான பொருளுக்கு 8 முதல் 16 பாகை தள்ளி நோக்கினால் அது எழுந்து வரும். நிறம் தெரியாது, சாம்பல் பூத்த புகைபோல் இருக்கும். விண்மீன் ஒன்றைச் சற்றுத் தள்ளிப் பார்த்தபோது அதன் மங்கிய வால் தெளிவாகத் தெரிந்ததாக அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய பழக்கத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். "தவிர்த்த பார்வை" ஆங்கிலச் சொல்லின் நிழல். தமிழில் அதைக் கேட்பவர் பார்க்காமல் விடுவது என்றே எடுத்துக்கொள்வார். கனடாவிலிருந்து எழுதிய நண்பரின் "புறப்பார்வை" நல்ல சொல்தான். ஆனால் அது கண் மருத்துவருக்கு உரியது. வீதியில் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஓரத்தில் வரும் மாடு தெரிவது புறப்பார்வையால். அதற்கு அவர் முயல்வதில்லை. நாம் பெயர் தேடுவது, வேண்டுமென்றே பழகிக்கொள்ளும் ஒரு செயலுக்கு. "சாய்பார்வை" என்றால் பிள்ளைகள் தலையைச் சாய்ப்பார்கள்.

பெரும்பாலானோர் விரும்பும் "கடைக்கண் பார்வை"யைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அம்மனின் கடைக்கண் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் இந்த இடத்தில் அது தவறாக வழிகாட்டும். கடைக்கண் என்பது கண்ணின் வெளிமுனை. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் கோலும் இல்லை, கூம்பும் இல்லை. அந்தக் குருட்டுப் பொட்டு, நம் பார்வைப் பரப்பில் நோக்கும் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை தள்ளி, காதுப் பக்கமாகவே விழுகிறது. கடைக்கண்ணால் பார்க்க முயலும் பிள்ளை, தேடும் பொருளைக் கொண்டுபோய் அந்தப் பொட்டில் போட்டுவிடக்கூடும். பொருள் பார்வைப் பரப்பின் மூக்குப் பக்கமாக விழவேண்டும். வலக்கண்ணால் பார்ப்பவர் பொருளுக்கு வலப்புறமும், இடக்கண்ணால் பார்ப்பவர் இடப்புறமும் நோக்கவேண்டும். அல்லது பொருளுக்குச் சற்று மேலே நோக்கலாம். சொல்லே பிழையான பக்கத்தைக் காட்டுமானால், அதன் அழகு நமக்கு உதவாது.

அயல் என்ற சொல் எந்தப் பக்கத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்தில் இருப்பது, தொலைவில் இல்லாதது, அதுவே ஆகாதது என்ற மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. இருட்டில் நிற்கும் பிள்ளையிடம் "அதைப் பார்க்காதே, அதன் அயலைப் பார்" என்றால் போதும். பெயரும் செய்முறையும் ஒன்றாகிவிடுகின்றன. எதிர்ச்சொல்லாக நேர்ப்பார்வை தயாராகவே இருக்கிறது.

அயல் என்றால் அயல்நாடு என்ற நினைவு வரும், அது அந்நியமாக ஒலிக்கும் என்கிறார் திருச்சி நண்பர். யாழ்ப்பாணத்தில் அயல் என்பது வேலிக்கு அடுத்த பக்கம். அயலட்டையில் யார் வீட்டில் விசேடம் என்பதுதான் எங்கள் அன்றாடப் பேச்சு. அண்டை அயலார் என்று தமிழ்நாட்டிலும் சொல்கிறீர்களே. அந்தப் பொருளை மீட்டெடுப்பதில் என்ன தடை? அயல், பார்வை என்ற இரு சொற்களும் சேரும்போது எப்படிப் புணரும் என்று கேட்டவருக்கு: ல் என்பது ப் முன் ற் ஆகும், கடற்படை போல. எழுத்தில் அயற்பார்வை என்றே வரட்டும்.

கண் இருட்டுக்குப் பழகுவதை எப்படிச் சொல்வது என்று இதே இழையில் கேட்கப்பட்டதற்குச் சுருக்கமாகப் பதில். இருட்டில் 20 முதல் 30 நிமிடம் நின்ற பிறகே கோல்கள் முழு உணர்திறனை நெருங்குகின்றன. அதற்கு "இருள் தகவமைப்பு" என்பதைவிட "இருட்பழக்கம்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கைபேசி வெளிச்சம் பட்டால் அது குலைந்துவிடும். கருஞ்சிவப்பு ஒளியைக் கோல்கள் அரிதாகவே உணர்வதால்தான் டோர்ச் லைட்டுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுகிறோம்.

வினைவடிவம்தான் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. "அயற்பார்த்தல்" நாவில் இடறுகிறது. "அயல்நோக்குதல்" எளிதாக வருகிறது; ஆனால் பெயரில் பார்வையும் வினையில் நோக்குமாக இருப்பது சரியா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த அமாவாசைக்குப் பிள்ளைகளோடு மீண்டும் சாட்டிக்குப் போகிறோம். அதற்கு முன் முடிவு கிடைத்தால், அங்கே அந்தச் சொல்லையே பயன்படுத்துவேன்.