இன்ரர்பெரோமீற்றர்: 'அலைப்பொருத்தமானி' சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே மூலத்திலிருந்து வரும் அலை இரண்டு வழியாக வந்து சேரும்போது கூடுகிறதா கழிகிறதா என்று பார்க்கும் கருவிதான் இன்ரர்பெரோமீற்றர்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நமது பேச்சில் கல்முனைத் தம்பி எழுதிய 'தலையீட்டுமானி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது, உயர்தரப் பௌதிகத்தில் நாங்கள் படித்த சொல் அதுதானே. தமிழ்நாட்டில் 'குறுக்கீட்டுமானி' என்கிறார்கள். ஆனால் கல்லடியில் எங்கள் வளவில் இரண்டு யாகி அன்ரனாக்களை (கூரையில் வைக்கும் பழைய ரீவி அன்ரனா மாதிரியானவை) கிழக்கு மேற்காக 20 மீற்றர் இடைவெளியில் நட்டு, 150 மெகாஹேட்ஸில் சூரியனிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடிக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் விளங்கியது. தெருவால் மோட்டார் சைக்கிள் போனாலும் திரையில் கோடு துள்ளுகிறது, பக்கத்து வீட்டில் எல்இடி பல்பு போட்டாலும் துள்ளுகிறது. அதையும் குறுக்கீடு என்றுதான் சொல்கிறோம். கூட நின்ற மருமகன், "மாமா, இந்த இரைச்சலை அளக்கிறதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. தொல்லைக்கும் தேடுகிற பொருளுக்கும் ஒரே பெயர் கூடாது. தொல்லை 'இடையூறு' என்றே இருக்கட்டும்.

நாம் தேடுவது வேறு. 150 மெகாஹேட்ஸில் அலைநீளம் 2 மீற்றர். சூரியன் உச்சியிலிருந்து சரியச் சரிய, கிழக்கு அன்ரனாவுக்கு அலை கொஞ்சம் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தல் 1 மீற்றர் ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும், 2 மீற்றர் ஆனால் திரும்பவும் கூடும். 20 மீற்றர் இடைவெளிக்கு ஏறக்குறைய 5.7 பாகைக்கு ஒருமுறை இப்படி நடக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் சுமார் 23 நிமிடத்துக்கு ஒருமுறை கோடு ஏறி இறங்கும். ஆக, இரண்டு அலைகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்ப்பதுதான் கருவியின் வேலை. அதனால்தான் 'அலைப்பொருத்தமானி'.

பொருத்தம் என்றால் சேர்வது மட்டுந்தானே, கழிவதற்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டிருந்தார். சாதகம் கொண்டுபோய்ப் பொருத்தம் பார்க்கிறவர்கள் பொருந்தும் என்று முடிவெடுத்துவிட்டா போகிறார்கள்? பொருந்தாததும் அந்தப் பார்வைக்குள் அடக்கம்.

'இரட்டை அன்ரனாக் கருவி' என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. 1946 இல் கேம்பிரிட்ஜில் வானொலி வானியலாளர்கள் ரைலும் வொன்பெர்க்கும் 175 மெகாஹேட்ஸில் இரண்டு அன்ரனா வைத்துத்தான் சூரியனைப் பார்த்தார்கள், ஆனால் அதே ஆண்டு சிட்னியின் டோவர் ஹைட்ஸில் ரூபி பெய்ன்-ஸ்கொட், போசி குழுவினருக்கு மலைமுகட்டில் ஓர் அன்ரனாவே போதுமாயிருந்தது. கடலில் தெறித்து வந்த அலை இரண்டாவதாக நின்றது. நமக்கும் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது, முகடுதான் இல்லை.

இனி ஃபிரிஞ்ச், அதாவது திரையில் கோடு இப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு அலைவும். 'விளிம்பு' வேண்டவே வேண்டாம், அந்தக் கோட்டில் விளிம்பே கிடையாது. நான் குறிப்பேட்டில் 'பொருத்தவரி' என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.