பழைய பி.எம்.டபிள்யூ 325ஐ கார்: காசு முதலில் எங்கே போகவேண்டும்?

ஆறுசிலிண்டர் (வெள்ளவத்தை)
2003ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 325ஐ, ஈ46 மொடல், ஓட்டோ கியர். ஒன்றரை இலட்சம் கி.மீ. தாண்டிவிட்டது. ஹீற் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது, எஞ்சினில் குறையில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. கொயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் ஒன்றாக, உயரத்தைக் குறைக்கலாம்), 18 அங்குல வீல், திறந்த ஏர் ஃபில்டர் மூன்றையும் ஒன்றாகச் செய்துவிடலாமா? பஞ்சிகாவத்தை பழைய உதிரிப்பாகக் கடையில் கழற்றிய கொயில்ஓவர் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

நீலக்கூலன்ட்
தம்பி, அந்த முள்ளை நம்பாதீர்கள். கிட்டத்தட்ட 75 பாகையிலிருந்து 115 வரை சூடு எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி பி.எம்.டபிள்யூக்காரனே அதை அமைத்துவிட்டான். அது நகரத் தொடங்கினால் காரியம் கைமீறிக்கொண்டிருக்கிறது. உங்கள் காரின் எம்54 எஞ்சினின் பிளொக் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், ஹெட் போல்ட் பிடிக்கும் மரையும் பிளொக்கோடு நிற்காது.

உண்மையான சூட்டைப் பார்க்க டாஷில் மறைந்த டெஸ்ட் மெனு ஒன்று உண்டு. சேஸிஸ் இலக்கத்தின் கடைசி ஐந்து எண்களையும் கூட்டினால் பூட்டைத் திறக்கும் எண் வரும். பிறகு 7ஆவது டெஸ்டுக்குப் போங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு காலி வீதி நெரிசலில் ஒரு மாலை பாருங்கள். கூலன்டை றேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்டாட் திறப்பதே 97 பாகையில் என்பதால் தொண்ணூறுகளைக் கண்டு பயப்படவேண்டாம். நூறைத் தாண்டி இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

சூட்டில் விரியும் கூலன்ட் போய்ச்சேரும் எக்ஸ்பான்ஷன் டாங்க், றேடியேற்றரின் பக்கத் தொட்டிகள் எல்லாம் பிளாஸ்டிக். மாற்றிய பில் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் காசு டாங்க், மூடி, றேடியேற்றர், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டாட், ஹோஸ் இவற்றுக்குத்தான்.

கோணர்கிங் (தெஹிவளை)
அண்ணா எங்கே வந்தாலும் றேடியேற்றர் கதைதான் :) கூலிங் செய்யவேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நிற்காமல் ஓடினால் போதும் என்றால் கொரோலா வாங்கியிருக்கலாமே. இந்தக் காரை ஆட்கள் கட்டி அழுவதே அதன் ஸ்டியரிங்குக்காக. இருபது வருட ஷொக்கையும் சஸ்பென்ஷன் மூட்டுகளில் வெடித்த ரப்பர் புஷ்ஷையும் வைத்துக்கொண்டு புது வோட்டர் பம்பைக் கொண்டாட முடியுமா? தம்பி, கொயில்ஓவர் போடுங்கள், புஷ் எல்லாவற்றையும் பொலியூரித்தேனுக்கு மாற்றுங்கள். இந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது.

நீலக்கூலன்ட்
புஷ் மாற்றச் சொன்னதை ஏற்கிறேன். எல்லாவற்றையும் பொலி ஆக்குவதைத்தான் ஏற்கமாட்டேன். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் மட்டும் போய் வருவதில்லை, கொஞ்சம் முறுகவும் வேண்டும். ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கும், பொலி இறுக்கிப் பிடிக்கும்.

இன்னொன்று, பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்துகிற இடத்தில் காரின் உடல் தகடு வெடிப்பது ஈ46இன் பிறவிக் குறை. காரைத் தூக்கி அதைப் பார்க்காமல் கடினமான ஸ்பிரிங் போடுவது எந்த ஊர் நியாயம்? வெடிப்பு இருந்தால் முதலில் அதை வெல்ட் செய்து, பலத் தகடும் வைக்கவேண்டும்.

ஹைபிரிட்வாசி
விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாயிற்றே.

ஆறுசிலிண்டர்
அந்த வரியைக் கட்டக் காசிருந்தால் நான் ஏன் பஞ்சிகாவத்தையில் நிற்கிறேன்?

பழையபாஸ் (கொட்டாஞ்சேனை)
சண்டையில் கியர்பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அந்த எண்ணெய் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று பி.எம்.டபிள்யூ சொன்னது. பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன். ஈ46இல் ஜிஎம் பெட்டியும் வந்தது, இரண்டுக்கும் எண்ணெய் வேறு. லேபிளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலக்கவேண்டும். என் கண் முன்னாலேயே ஒரு கராஜில் பொடியன் குழாயைத் திருகினான்.

கோணர்கிங்
திறந்த ஃபில்டர் வேண்டாம் என்பதில் நானும் அண்ணாவின் பக்கம். ஒரிஜினல் பெட்டி முன் கிரில்லிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. திறந்தது எஞ்சின் சூட்டையே திரும்ப உறிஞ்சும். சத்தம்தான் மிச்சம்.

ஆனால் ஷொக் விஷயத்தில் விடமாட்டேன். கொயில்ஓவர் கூடாதென்றால் ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு பில்ஸ்டைன் பி6 ஷொக் போடட்டும். உயரம் குறையாது, ஒழுங்கையின் வேகத்தடையில் வயிறு தட்டாது.

நீலக்கூலன்ட்
பி6 நல்ல சாமான்தான். தெற்கு அதிவேகப் பாதையிலேயே எல்லை 100 என்னும்போது அது இன்னும் ஆறு மாதம் பொறுக்காதா? கூலிங் பொறுக்காது.

கோணர்கிங்
அந்த ஆறு மாதமும் ஆடிக்கொண்டே ஓடினால் ரயர் தேயும், அந்தக் காசை நீங்களா தருவீர்கள்? முள் நகர்வதை நீங்கள் பார்த்தீர்கள், ஈரத்தில் பின்பக்கம் இழுபடுவதை நான் பார்த்தேன். அவரவர் பயம் அவரவருக்கு.

ஆறுசிலிண்டர்
டெஸ்ட் மெனுவைத் திறந்து பார்த்துவிட்டேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் 96, 98 என்று நின்றது. இருந்தாலும் டாங்கின் தையலில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கிறது, எனவே கூலிங் இந்த மாதமே. 18 அங்குல வீல் இல்லை. அந்தப் பழைய கொயில்ஓவர் செட்டையும் விட்டாயிற்று. பி6 பிறகு பார்ப்போம்.

பழையபாஸ்
பி6 எடுக்கும் நாளில் பின் ஷொக்கின் மேல் மவுண்டையும் சேர்த்து எடுங்கள். பழைய மவுண்டில் புது ஷொக்கைப் பூட்டித்தரச் சொல்லி வருகிற ஆட்களுக்கு நான் வேலை செய்வதில்லை.