மறுமொழி: இன்ஃபியூஷன் = ஊறுநீர்? (ராஸ்பெர்ரி இலையை வைத்து ஒரு சோதனை)

நண்பர்களுக்கு வணக்கம்.

மூலிகையைக் கொதிநீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் நீரை ஆங்கிலத்தில் இன்ஃபியூஷன் (infusion) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்தவை மூன்று சொற்கள்: உட்செலுத்தல், கஷாயம், மூலிகைத் தேநீர். ராஸ்பெர்ரி இலையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

உட்செலுத்தலை உடனே கைவிட வேண்டும். அது சிரை வழியே மருந்து ஏற்றுவதைக் குறிக்கும் சொல். "பேறுகாலம் நெருங்கும்போது ராஸ்பெர்ரி இலை உட்செலுத்துதல் எடுத்துக்கொள்வது வழக்கம்" என்று படிக்கும் கர்ப்பிணி அதை ஊசி என்றுதான் நினைப்பார். எந்திர மொழிபெயர்ப்பில் இப்படித்தான் வருகிறது. நாமும் அதையே எழுதக் கூடாது.

கஷாயம் நல்ல சொல்தான், ஆனால் வேறு வேலைக்கு உரியது. வேர், பட்டை போன்ற கெட்டியானவற்றை அடுப்பில் வைத்துக் காய்ச்சி வற்றவைப்பது கஷாயம். ராஸ்பெர்ரி இலையோ மெல்லியது. அடிப்பக்கம் வெளுப்பாக, நுண்மயிர் படர்ந்திருக்கும். காய்ந்ததைக் கசக்கினால் பொடியாக உதிராமல் பஞ்சுபோல் திரளும். அதன்மேல் கொதிநீரை ஊற்றி மூடிவைத்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்டினால் முடிந்தது. இலை அடுப்பில் ஏறுவதே இல்லை.

தேநீர் என்றால் தேயிலை நினைவுக்கு வரும் என்பது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், இது குடிப்பதற்கு மட்டும் அல்ல என்பது. ஐரோப்பிய மரபில் மாதவிடாய் வலிக்கும் லேசான வயிற்றுப்போக்குக்கும் குடிப்பார்கள். வாய்ப்புண்ணுக்கும் தொண்டை அழற்சிக்கும் கொப்பளித்துத் துப்புவார்கள். இலையில் டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் உண்டு. அவை புரதங்களோடு பிணைந்து வாய், தொண்டைச் சவ்வின் மேற்பரப்பை இறுக்குகின்றன. நாக்கில் துவர்ப்பாகத் தெரிவதும் அதுவே. துப்புகிற ஒன்றைத் தேநீர் என்றோ குடிநீர் என்றோ எழுத எனக்குக் கை வரவில்லை.

அதனால் 'ஊறுநீர்' என்று முன்வைக்கிறேன். ஊறுகாய் போல வினைத்தொகை. குடித்தாலும் கொப்பளித்தாலும் பொருந்தும். 'ஊறல்' என்று மட்டும் வைத்தால் சாராய ஊறல் குறுக்கே வரும். 'ஊறு' என்றால் தீங்கு அல்லவா என்று கேட்பீர்கள். ஊறுகாயை அப்படி யாரும் படிப்பதில்லை. ஊற்றுநீரோடு குழம்பும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. இலையின் பெயரைச் சேர்த்தே எழுதினால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

சொல்லில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், செய்முறை மாறினால் மருந்தும் மாறிவிடுகிறது. இந்த இலையில் கருப்பைத் தசையைத் தளர்த்தும் பொருள் இருப்பதாக 1941-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2001-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 192 பெண்கள் பங்கேற்றார்கள். இலை தரப்பட்டவர்கள் 32-ஆவது வாரத்திலிருந்து நாளுக்கு இருமுறை 1.2 கிராம் எடுத்துக்கொண்டார்கள். பிரசவத்தின் முதற்கட்டம், அதாவது கருப்பை வாய் விரியும் நேரம், குறையவில்லை. குழந்தை வெளிவரும் இரண்டாம் கட்டம் சராசரியாகப் பத்து நிமிடம் போலக் குறைந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது மாத்திரை! அந்த முடிவைக் கஷாயத்துக்கும் தேநீருக்கும் ஏற்றி எழுதுவது சரியில்லை. கர்ப்ப காலத்தில் இந்த இலையை ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைப்பதும் இல்லை. முந்தைய மடலில் இந்த இலையைக் குறித்து வந்த 'கருப்பை வலுவூட்டி' என்ற சொல்லை நான் தயங்கி ஒதுக்குவதும் இதனால்தான். நிறுவப்படாத ஒன்றை அந்தச் சொல்லே உறுதி சொல்லிவிடுகிறது.

ராஸ்பெர்ரியை அப்படியே விட்டுவிடலாம். புதுப்பெயர் வைத்தால் எந்தச் செடி என்றே தெரியாமல் போகும்.

கட்டுரையில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ராஸ்பெர்ரி இலை ஊறுநீரை ஆறவைத்துக் கொப்பளிக்கவும்." வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இடறுகிறதா என்று சொல்லுங்கள்.