பல சர்வர்கள் பகிரும் சேமிப்பகத்தில் அவசரக் கட்டளைக்கு முன்னுரிமை கொடுப்பது எப்படி?

கேள்வி: இளவேனில்

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் ஃபைபர் சேனல் என்ற சேமிப்பக வலையமைப்பு வழியாக ஒரே லன்னை (சேமிப்பகம் ஒரு வட்டுபோலத் தரும் பகுதியை) பகிர்ந்துகொண்டு, அதன்மேல் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய ஓசிஎஃப்எஸ்2 கோப்புமுறையை இயக்குகின்றன. முதல் சர்வரிலிருந்து இரவில் பேக்கப் ஓடும்போது, இரண்டாவது சர்வர் சில நாட்களில் தானாகவே ரீபூட் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நோடும் (சர்வரும்) தான் இயங்குவதைக் காட்ட 2 வினாடிக்கு ஒருமுறை வட்டில் எழுத வேண்டிய ஹார்ட்பீட் என்ற குறி, கெடுவுக்குள் முடியவில்லை என்று லாக் சொல்கிறது. அயோநைஸ் கட்டளை கொண்டு பேக்கப்பின் முன்னுரிமையைக் குறைத்தும் பயனில்லை. சர்வர் சேமிப்பகத்துக்குக் கட்டளை அனுப்பப் பயன்படும் ஸ்கஸி தரத்தில் 'ஹெட் ஆஃப் கியூ' (வரிசையின் தலை) என்ற பண்பு உண்டு என்று படித்தேன். ஹார்ட்பீட்டை மட்டும் அந்தப் பண்புடன் அனுப்ப வழி உண்டா?

பதில்: செழியன்

வணக்கம். அந்தப் பண்பு ஸ்கஸி தரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் லினக்ஸின் வட்டு இயக்கிகள் வழக்கமான படித்தல், எழுதுதல் அனைத்தையும் 'சிம்பிள்' (வரிசை நிபந்தனை இல்லாதது) என்றே குறித்து அனுப்புகின்றன. இந்த எழுதுதலை வரிசையின் தலையில் வை என்று கோப்புமுறை கேட்டுக்கொள்வதற்கான வழி அங்கே இல்லை. அப்படி ஒரு வழி இருந்தாலும், ஏற்கெனவே நிறைவேறிக்கொண்டிருக்கும் கட்டளையை அந்தக் குறி நிறுத்தாது. இன்னும் தொடங்காமல் காத்திருப்பவற்றைத்தான் முந்தும்.

அயோநைஸ் ஏன் உதவவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. அது ஒரு சர்வருக்குள் இருக்கும் வரிசையை மட்டும், அதுவும் அந்த முன்னுரிமையை மதிக்கும் பிஎஃப்கியூ போன்ற ஷெட்யூலர் (கட்டளைகளை வரிசைப்படுத்தும் லினக்ஸ் பகுதி) இருந்தால் மட்டுமே, மாற்றி அடுக்கும். இரண்டு சர்வர்களின் கட்டளைகளும் சந்திப்பது சேமிப்பகத்தில். முதல் சர்வர் தனக்குள் எதைப் பின்னுக்குத் தள்ளியது என்பது அங்கே தெரியாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்கஸியின் கண்ட்ரோல் மோட் பேஜ் என்ற அமைப்புப் பட்டியலில் டிஎஸ்டி (TST) என்ற புலம் உண்டு. அதன் மதிப்பு 0 என்றால், அந்த லன்னுக்கு வரும் எல்லாச் சர்வர்களின் கட்டளைகளும் ஒரே தொகுப்பில் சேரும். 1 என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித் தொகுப்பு. ஒரே தொகுப்பாக இருக்கும் இடத்தில், ஒரு சர்வர் 'ஆர்டர்ட்' என்று குறித்து அனுப்பும் ஒரு கட்டளை, தனக்கு முன் வந்தவை முடியும்வரை தானும் காத்திருந்து, தனக்குப் பின் வரும் மற்றச் சர்வர்களின் சிம்பிள் கட்டளைகளையும் காக்க வைத்துவிடும். பகிரப்படும் இடத்தில் ஒருவர் கோரும் வரிசை, மற்றவருக்குத் தாமதமாகிறது.

ஆகவே ஹார்ட்பீட் எந்த வரிசையில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பேக்கப் ஓடும் நேரத்தில் இரண்டாவது சர்வரில் அயோஸ்டாட் கருவி காட்டும் வரிசை நீளத்தையும், எழுதுவதற்கான சராசரிக் காத்திருப்பையும் இங்கே பதியுங்கள்.

பதில்: கயல்

ஃபிளாஷ் வட்டுகளுக்கான என்விஎம்இ தரத்தில் 'அர்ஜெண்ட்' என்ற முன்னுரிமை வகுப்பே இருக்கிறது. ஆனால் அது கட்டளைக்குக் கட்டளை இடும் குறி அல்ல, வரிசையை உருவாக்கும்போது அந்த வரிசை முழுவதற்கும் தரப்படுவது. அந்த முறையை ஆதரிப்பதும் கட்டாயம் இல்லை. மேலும் ஒரு கண்ட்ரோலரின் வரிசைகளுக்குள் மட்டுமே அந்த முன்னுரிமை பொருந்தும். வலைவழி என்விஎம்இயில் பொதுவாக ஒவ்வொரு சர்வருக்கும் தனிக் கண்ட்ரோலர் ஒதுக்கப்படுவதால், சர்வர்களுக்கு இடையிலான போட்டியை அங்கேயும் அது தீர்ப்பதில்லை.

மறுமொழி: இளவேனில்

இருவருக்கும் நன்றி. டிஎஸ்டி 0 என்றுதான் இருக்கிறது. இரண்டாவது சர்வரில் வரிசை நீளம் 1 அளவைத் தாண்டவே இல்லை. ஆனாலும் எழுதுவதற்கான காத்திருப்பு பல வினாடிகளுக்கு ஏறுகிறது, படிப்பது மட்டும் ஓரளவு சீராகவே இருக்கிறது. பேக்கப் போய்ச் சேரும் லன்னும் இதே சேமிப்பகத்தில், மெதுவான வட்டுகளின்மேல் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பதில்: செழியன்

கடைசி வாக்கியம்தான் முக்கியமானது. படித்தல் சீராக இருந்து எழுதுதல் மட்டும் தேங்குவதால், லன்னின் கட்டளை வரிசையைவிடச் சேமிப்பகத்தின் ரைட் கேஷ் (எழுத வரும் தரவை வட்டுக்குப் போகும்முன் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பிவிடுவதையே நான் சந்தேகிக்கிறேன். மெதுவான வட்டுகளுக்கு இறங்க வேண்டிய பேக்கப் தரவு கேஷை நிறைத்துவிட்டால், எந்த லன்னுக்கு வரும் எழுதுதலும் இடம் காலியாகும்வரை நிற்க வேண்டியதுதான். அங்கே ஹெட் ஆஃப் கியூ குறியும் செல்லுபடியாகாது. ஹார்ட்பீட்டைத் தனிச் சிறு லன்னுக்கு மாற்றுவது பொதுவாக நல்ல யோசனை என்றாலும், அந்த லன்னும் இதே கேஷைப் பகிர்ந்தால் உங்கள் சிக்கல் தீராது.

சேமிப்பகத்தின் மேலாண்மைத் திரையில் அந்த நேரத்துக் கேஷ் நிலையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு பேக்கப் லன்னுக்கு அங்கேயே வேக உச்சவரம்பு வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் முதல் சர்வரில் லினக்ஸின் சிகுரூப் வசதியில் உள்ள அயோ.மேக்ஸ் என்ற வேக வரம்பு கொண்டு பேக்கப் எழுதும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பேக்கப் முடியக் கூடுதல் நேரம் ஆகும், அதற்கேற்ப முன்னதாகவே தொடங்கிவிடலாம்.

ஹார்ட்பீட் த்ரெஷோல்டை (இந்த எண்ணில் ஒன்றைக் கழித்து 2 வினாடியால் பெருக்கினால் வருவதே கெடு) இயல்பான 31இலிருந்து 61 ஆக்கினால் கெடு 60 வினாடியிலிருந்து 120 வினாடியாகும். இரு சர்வர்களிலும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். ஆனால் ஒரு நோடு உண்மையிலேயே செத்துவிட்டாலும், அதை மற்றது உணர்ந்து பூட்டுகளை விடுவிக்க அதற்கேற்ற நேரம் ஆகும் என்பதால், வேகக் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்க்காமல் த்ரெஷோல்டைத் தொட வேண்டாம்.