புதுப்பிப்பு: ‘மாரியோ கோல்ஃப்’ சேமிப்பு அழிந்துபோன விடயம்

நின்டென்டோ 64 என்ற விளையாட்டு இயந்திரத்தில் ‘மாரியோ கோல்ஃப்’ விளையாடிவிட்டு இயந்திரத்தை அணைத்தால், வென்றெடுத்த வீரர்கள் அனைவரும் மறைந்துவிடுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். இயந்திரத்தில் குறையில்லை, 1999இல் வெளியான இந்த விளையாட்டின் தரவு, கார்ட்ரிட்ஜுக்குள் (இயந்திரத்தில் செருகும் விளையாட்டுப் பெட்டிக்குள்) இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலத்தின் தயவில்தான் நிற்கிறது என்று உங்களில் சிலர் சொன்னது சரியே.

சாதாரணத் திருப்புளி கார்ட்ரிட்ஜின் ஆணிகளுக்குப் பொருந்தாததால், 3.8 மில்லிமீற்றர் சிறப்பு முனையொன்றைத் தேடிக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு முழுப் பிற்பகலும் அலைந்தேன். திறந்து அளந்தபோது, 3 வோல்ற் இருக்க வேண்டிய மின்கலம் 1.4 மட்டுமே காட்டியது. முதலில் பார்த்த கடைக்காரர் புது மின்கலத்தை ஒட்டுநாடாவால் பொருத்தித் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, நான் சம்மதிக்கவில்லை. வெறும் மின்கலத்தின்மேல் நேரடியாகச் சூடு வைப்பதும் ஆபத்து என்பதால், ஈயம் வைத்துப் பொருத்துவதற்கான தகட்டுக்கால்கள் உள்ள மின்கலத்தையே வாங்கி, வெள்ளவத்தையில் வானொலி திருத்தும் ஐயா ஒருவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கூட்டல் கழித்தல் குறிகளை இருமுறை பார்த்த பிறகே அவர் ஈயத்தைத் தொட்டார்.

அன்றிரவே, தோற்கடித்தால் நம் பட்டியலில் சேரும் லூய்ஜி என்ற வீரரை மீண்டும் தோற்கடித்து, மின்செருகியையும் கழற்றி வைத்தேன். மூன்று நாள் கழித்துப் போட்டுப் பார்த்தபோதும் லூய்ஜி பட்டியலில் இருந்தார். பழைய சேமிப்பு மீளவில்லை. மெட்டல் மாரியோ என்ற வீரரை இனி முதலிலிருந்து துரத்த வேண்டும்.