உகாண்டா கைப்பம்பில் துருத் தண்ணீர், குழாய் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களே, வடக்கு உகாண்டாவில் லிரா பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தோடு ஊர்க் கைப்பம்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். நம் ஊர் இந்தியா மார்க் 2 தான், இங்கே யு2 என்பார்கள். ஒரு பம்பில் காலையில் தண்ணீர் செக்கச்செவேலென்று வருகிறது, ஒரு மணி நேரம் அடித்தால் தெளிந்துவிடுகிறது, பிஎச் 6-க்கும் கீழே, அதாவது தண்ணீர் அமிலத்தன்மையோடு இருப்பதால், உள்ளே இறங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். துணியில் கறை, பீன்ஸ் வேகவைத்தால் கறுக்கிறது என்று பெண்கள் மறுபடி சதுப்புத் தண்ணீருக்கே போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? 2016-ல் இங்கே அரசு ஜிஐ குழாயை நிறுத்தச் சொல்லிவிட்டது, இது அதற்கு முன் போட்டது.

சரி, கேள்வி இதுதான். ஆழம் 30 மீட்டர். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் போடுவதா, யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் தாங்குமா? ஊர் மெக்கானிக்கே கழற்றி மாட்ட வேண்டும், தண்ணீர்க் குழுவிடம் காசும் கொஞ்சம்தான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.